300 மி.லி. ஸ்டிர்டு செல்: சவ்வு ஆய்வு தொடங்கும் மாணவருக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

நீர்ச் சுத்திகரிப்பில் ஆய்வு செய்ய வரும் மாணவரின் கைக்கு முதலில் வந்து சேரும் கருவி பெரும்பாலும் இதுதான். சொம்பு அளவில் ஒரு துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம், வாயு நுழையும் மூடி, உள்ளே தொங்கும் காந்தக் கலக்கி, அடியில் 49 மி.மீ. விட்டத்தில் வட்டமாக வெட்டிய சவ்வு (நீரை விட்டு மற்றதைத் தடுக்கும் மெல்லிய தாள்). மேலிருந்து நைட்ரஜன் அழுத்த, நீர் சவ்வைத் தாண்டி ஒரு குழாய் வழியாகச் சொட்டுகிறது. நீருக்குச் சவ்வைத் தவிர வேறு வழியில்லாததாலும் உள்ளே கலக்கி சுழல்வதாலும் இதை டெட்-எண்ட் ஸ்டிர்டு செல் என்பார்கள். பரவலாகக் கிடைக்கும் வகையின் கொள்ளளவு 300 மி.லி., வேலை செய்யும் சவ்வுப் பரப்பு 14.6 சதுர செ.மீ., தாங்கும் அழுத்தம் 69 பார். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை மட்டும் தடுக்கும் அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் முதல் உப்பையும் தடுக்கும் கடல்நீர் ஆர்ஓ (எதிர்த்திசைச் சவ்வூடு பரவல்) வரை எல்லாச் சவ்வையும் இதில் போட்டுப் பார்க்கலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டு சவ்வுகளில் எது மேல் என்று ஒப்பிட இதைவிட எளிய கருவி கிடையாது. ஆனால் இது தரும் எண்ணை நம்புவதற்கு முன் நாலைந்து பொறிகளைத் தாண்ட வேண்டும். கருவியோடு வரும் கையேட்டில் பாகங்களைப் பூட்டும் விதம்தான் இருக்கும், பொறிகளைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. ஆய்வேட்டில் ‘99 சதவீத நீக்கம்’ என்று எழுதப்பட்டு, பிறகு வேறு யாருக்கும் அந்த எண் திரும்ப வராமல் போவது பெரும்பாலும் இந்தப் பொறிகளில் ஏதோ ஒன்றால்தான்.

பெட்டிக்குள் வருபவை: உடல், மேல்மூடி, அடித்தட்டு, சவ்வைத் தாங்கும் நுண்துளை எஃகு வட்டு, ஓ-ரிங்குகள், மேலும் கீழும் இறுக்கும் கிளாம்புகள், கலக்கி, பாதுகாப்பு வால்வு. சிலிண்டர், ரெகுலேட்டர், காந்தக் கலக்கி மேடை, தராசு, கண்டக்டிவிட்டி மீட்டர் (நீரின் மின்கடத்தலைக் கொண்டு உப்பை அறிவது), சவ்வு வெட்டும் பஞ்ச் ஆகியவை தனி. இதில் பலர் ஏமாறுவது ரெகுலேட்டரில். ஆய்வகத்தில் ஏற்கெனவே கிடக்கும் ரெகுலேட்டர் பெரும்பாலும் 10 பாருக்கு மேல் வெளியே தராது. அல்ட்ரா ஃபில்ட்ரேஷனுக்கு அது போதும். உவர்நீர் ஆர்ஓ சவ்வை அதன் தரநிலையில் சோதிக்க 15.5 பாரும், கடல்நீர்ச் சவ்வுக்கு 55 பாரும் வேண்டும். செல்லை ஆர்டர் செய்யும்போதே உயர் வெளியேற்ற ரெகுலேட்டரையும் அதே அழுத்தம் தாங்கும் குழாயையும் சேர்த்து ஆர்டர் செய்யாவிட்டால், பளபளக்கும் பாத்திரம் ஒன்று மாதக்கணக்கில் அலமாரியில் உட்கார்ந்திருக்கும்.

வாயு நைட்ரஜனாகவே இருக்கட்டும். கம்ப்ரசர் காற்றில் எண்ணெய்த் திவலை கலந்து வரும், அது சவ்வில் படிந்தால் ஃபிளக்ஸ் (சவ்வுப் பரப்பின் வழியே நீர் இறங்கும் வேகம்) விழும், கழுவினாலும் முழுதாகத் திரும்பாது. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு அழுத்தத்தில் கரைந்து பிஎச்சையும் இறக்கிவிடும். ஆக்சிஜன் சிலிண்டரை எந்தக் காரணத்துக்காகவும் இணைக்கக் கூடாது. நீர் குறையக் குறைய அதன் இடத்தை அழுத்தப்பட்ட வாயு பிடிக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். நிரம்பிய செல்லைவிடப் பாதி காலியான செல்தான் ஆபத்தானது. சிலிண்டரை மூடி, வெளியேற்று வால்வைத் திறந்து, அழுத்தமானி பூஜ்யம் காட்டிய பிறகே கிளாம்பில் கை வைக்க வேண்டும்.

இனி சவ்வைப் பொருத்துவது. கத்தரிக்கோலால் வெட்டிய வட்டம் என்றால் ஓரம் பிசிறடிக்கும், ஓ-ரிங்குக்கு அடியில் அந்தப் பிசிறு வழியே ஃபீட் (சோதிக்க மேலே ஊற்றும் நீர்) நேராகக் கீழே இறங்கும். 49 மி.மீ. பஞ்சால் ஒரே தட்டில் வெட்டுவதே சரி. உலர்ந்து வரும் வணிகச் சவ்வில் பாதுகாப்புக்காகக் கிளிசரின் தடவியிருக்கலாம், காய்ச்சி வடித்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து இரண்டு முறை நீரை மாற்றினால் போய்விடும். மினுமினுப்பான பக்கம் மேலே, துணி போன்ற பக்கம் நுண்துளை வட்டின் மேல். விரல் படாமல் தட்டை முனை இடுக்கியால் ஓரத்தைப் பிடித்தே வைக்க வேண்டும். ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் தடவும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது சவ்வின் மேல் வழிந்தால் அந்த இடம் செத்த இடம். நீரில் நனைத்துப் போட்டாலே ஓ-ரிங் நன்றாக உட்காரும்.

கலக்கி சவ்வைத் தொடக் கூடாது, இரண்டு மூன்று மி.மீ. மேலே தொங்க வேண்டும். தொட்டால் ஒரு மணி நேரத்தில் வட்டமாக ஒரு கீறல் விழும். சோதனை முடிந்து சவ்வை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்த வட்டம் தெரியும். வேகத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். நிமிடத்துக்கு 300 முதல் 400 சுற்று பொதுவாகப் போதும். எடுத்த எடுப்பிலேயே முழு வேகம் வைத்தால் காந்தப் பிடி நழுவி, மேடை சுழலும், கலக்கி நின்ற இடத்தில் நடுங்கும். எஃகு உடலுக்குள் நடப்பது வெளியே தெரியாது என்பதுதான் இந்தக் கருவியின் பெரிய குறை. மூடியைப் பூட்டும் முன், திறந்த நிலையிலேயே எந்த வேகம் வரை கலக்கி சேர்ந்து சுழல்கிறது, நீர்ச்சுழியின் முனை எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்து, மேடையின் குமிழில் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது.

முதல் பொறி, சவ்வு அமுங்குவது. புதிய சவ்வை அழுத்தத்தில் வைத்தால் அதன் தாங்கு அடுக்கு மெல்ல மெல்ல நசுங்கும், ஃபிளக்ஸும் கூடவே இறங்கும். இதை விட்டுவிட்டு நேராக உப்பு நீரை ஊற்றினால், நசுங்கியதால் வந்த இறக்கம் உப்பால் வந்ததாகவோ அழுக்கால் வந்ததாகவோ கணக்கில் ஏறிவிடும். சோதனை அழுத்தத்தைவிடச் சற்று அதிகத்தில் காய்ச்சி வடித்த நீரை ஓட்டி, அரை மணி இடைவெளியில் எடுத்த மூன்று அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் வரை காத்திருக்க வேண்டும். ஆர்ஓ சவ்வுக்கு இது பல மணி நேரம் பிடிக்கும்.

இங்கே செல்லின் கொள்ளளவு கணக்கில் குறுக்கிடுகிறது. ஒரு பாருக்கு 3 எல்எம்எச் ஊடுருவல் உள்ள உவர்நீர்ச் சவ்வை எடுத்துக்கொள்வோம். எல்எம்எச் என்பது ஒரு சதுர மீட்டர் வழியே ஒரு மணி நேரத்தில் இறங்கும் லிட்டர். லிட்டருக்கு 2,000 மி.கி. சோடியம் குளோரைடு உள்ள நீரின் சவ்வூடு அழுத்தம் (உப்பால் எழுந்து நீரை எதிர்த்திசையில் இழுப்பது) சுமார் 1.7 பார். 15.5 பாரில் நிகரமாகத் தள்ளுவது 13.8 பார், ஃபிளக்ஸ் 41 எல்எம்எச். பரப்பு 14.6 சதுர செ.மீ., அதாவது 0.00146 சதுர மீட்டர் என்பதால் மணிக்கு 60 மி.லி., நிமிடத்துக்கு ஒரு மி.லி. ஆர்ஓவுக்கு 300 மி.லி. ஐந்து மணி நேரம் தாங்கும், வசதிதான். பாருக்கு 200 எல்எம்எச் தரும் அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் சவ்வு என்றால் 1 பாரிலேயே சுமார் ஒரு மணி நேரத்தில் செல் வறண்டுவிடும். ஒவ்வொரு முறையும் அழுத்தத்தை இறக்கி, நிரப்பி, மறுபடி ஏற்றினால் சவ்வு கொஞ்சம் மீண்டு மறுபடி நசுங்கும், வரைபடத்தில் ரம்பப் பல் விழும். அந்த வகைச் சவ்வுக்கு அழுத்தம் தாங்கும் தனி ஃபீட் தொட்டி ஒன்றை இடையில் இணைப்பது அவசியம்.

இரண்டாவது பொறி கண்ணுக்கே தெரியாதது, மாணவர்களை அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். அமுக்கச் சோதனை முடிந்ததும் நுண்துளை வட்டுக்குள்ளும் வெளியேறும் குழாயிலும் தூய நீர் தேங்கி நிற்கும். உப்பு நீரை ஊற்றி அழுத்தியதும் முதலில் வெளியே வருவது அந்தத் தூய நீரே. தேக்கம் 3 மி.லி. என்று வைத்துக்கொண்டு, முதல் 10 மி.லி.யை அப்படியே அளந்தால் என்ன ஆகும்? உண்மையான வடிநீரில் (சவ்வைத் தாண்டி வந்த நீரில்) லிட்டருக்கு 40 மி.கி. உப்பு இருந்தாலும் மீட்டர் 28 காட்டும். 98 சதவீத ரிஜெக்‌ஷன் 98.6 ஆக உயர்ந்து நிற்கும் (ரிஜெக்‌ஷன் என்பது சவ்வு தடுத்து நிறுத்தும் உப்பின் பங்கு). ஆர்ஓவில் 98க்கும் 98.6க்கும் இடையே உள்ள தூரம் சின்னதல்ல, ஊடுருவும் உப்பு 30 சதவீதம் குறைந்துவிட்டதாக அர்த்தம். புதிய சேர்மம் கலந்த சவ்வு ‘சிறப்பாக’ இருப்பதாக ஒரு தாளே எழுதிவிடலாம்! முதல் 10 மி.லி.யைக் கொட்டிவிட்டு அடுத்ததிலிருந்து சேகரியுங்கள். அதேபோல் செல்லின் அடியில் தங்கிய சில மி.லி. தூய நீர் ஃபீடையும் நீர்க்கவைக்கும், ஆகவே ஃபீடின் செறிவைக் குடுவையிலிருந்து எடுக்காமல், கலக்கி ஓடிய பின் செல்லுக்குள்ளிருந்து எடுத்து அளக்க வேண்டும்.

மூன்றாவது, நீர் குறையும்போது செறிவு ஏறுவது. தொழிற்சாலையில் ஃபீட் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே உப்பு போக வழியில்லை. 300 மி.லி.யில் பாதி இறங்கியதும் மிச்சமுள்ள நீரின் உப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும், சவ்வூடு அழுத்தமும் 1.7லிருந்து 3.4 பாராகும், நிகர அழுத்தம் 12.1க்கு இறங்கும். சவ்வில் ஒரு துளி அழுக்குகூடப் படியாமலே ஃபிளக்ஸ் 12 சதவீதம் விழுந்திருக்கும். இதை ‘ஃபவுலிங்’ (அழுக்குப் படிவு) என்று எழுதிய ஆய்வேடுகள் அபூர்வம் அல்ல. உவர்நீர்ச் சவ்வின் தரநிலைச் சோதனை 15 சதவீத மீட்பில் (ஊற்றியதில் அந்தப் பங்கு வடிந்ததும்) நிற்கிறது. இந்தச் செல்லில் அது 45 மி.லி., முக்கால் மணி நேர வேலை. முதல் 10 மி.லி. கழித்தால் அளக்கக் கையில் கிடைப்பது 35 மி.லி. அதற்குள் முடித்துக்கொள்வதே உத்தமம். ஃபவுலிங்கைத்தான் பார்க்க வேண்டும் என்றால், அழுக்கு சேர்க்காத அதே உப்பு நீரை அதே அளவுக்கு ஓட்டி, அந்த இறக்கத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் பேச வேண்டும்.

கசிவா, செறிவு முனைவாக்கமா (சவ்வின் முகத்தில் உப்பு தேங்குவதா) என்ற சந்தேகத்துக்கு இந்தக் கருவி நல்ல விடை தரும். நல்ல ஆர்ஓ சவ்வில் அழுத்தத்தைக் கூட்டினால் ரிஜெக்‌ஷன் ஏறும், ஏனென்றால் நீர் வேகமாக வரும், உப்பு ஏறக்குறைய அதே வேகத்தில் வரும். 10, 15, 20 பாரில் அளந்து பாருங்கள். ஏறாமல் இறங்கினால் கலக்கும் வேகத்தைக் கூட்டி மறுபடி அளவிடுங்கள். அப்போது ரிஜெக்‌ஷன் மீண்டால், சவ்வின் முகத்தில் உப்பு தேங்கியிருந்தது என்று பொருள். மீளாவிட்டால் ஓட்டை, அல்லது ஓ-ரிங் கசிவு. ஓட்டை என்றால் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வெளிவரும் நீரில் நூறில் ஒரு பங்கு ஓட்டை வழியே வந்தாலே 98 சதவீதம் 97 ஆகிவிடும்.

தானே சவ்வு செய்து சோதிக்கும் மாணவருக்கு இந்தக் கணக்கு முக்கியம். 1970களின் பிற்பகுதியில் ஜான் கடாட் உருவாக்கிய இடைமுகப் பலபடியாக்க முறைதான் (இரண்டு திரவங்கள் சந்திக்கும் இடத்தில் படலம் வளர்ப்பது) இன்றும் மேசைமேல் நடப்பது: பாலிசல்ஃபோன் தாங்கியை 2 சதவீத எம்பிடி (மெட்டா-ஃபினைலீன்டைஅமீன்) நீர்க் கரைசலில் இரண்டு நிமிடம் ஊறவைத்து, மேலே நிற்கும் துளிகளை ரப்பர் உருளையால் ஒற்றியெடுத்து, ஹெக்சேனில் கரைத்த 0.1 சதவீத டிஎம்சியை (டிரைமெசாயில் குளோரைடு) ஒரு நிமிடம் ஊற்றி வைத்து, பின் அடுப்பில் 70, 80 டிகிரியில் சில நிமிடம் காயவைப்பது. உருளையில் தப்பிய ஒரு துளி எம்பிடி இருந்த இடத்தில் படலம் சரியாக உருவாகாமல் ஊசித்துளை விழும். 14.6 சதுர செ.மீ. பரப்பில் ஒரே ஒரு துளை போதும், முழு அளவும் கெட்டுவிடும். ஆகவே ஒரே தாளிலிருந்து குறைந்தது மூன்று வட்டங்கள், ஒவ்வொரு நாளும் கூடவே ஒரு வணிகச் சவ்வு வட்டம். வணிகச் சவ்வின் எண் அதன் விவரத்தாளில் உள்ளதை ஒட்டி வந்தால்தான் அன்றைய மற்ற எண்களுக்கும் மதிப்பு. செல்லின் சிறிய பரப்பு இந்த வகையில் வரமும் சாபமும்: ஏ4 அளவு கையால் வார்த்த தாளிலிருந்தே பல வட்டங்கள் கிடைக்கும், ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி ஜாதகத்தோடு வரும்.

சாயம் நீக்கும் ஆய்வுகளில் வேறொரு மாயை. மெத்திலீன் நீலம் போன்ற நேர்மின் சாயங்கள் எதிர்மின் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். முதல் ஒரு மணி நேரம் வடிநீர் கண்ணாடிபோல் வரும், சவ்வு தடுத்ததால் அல்ல, குடித்ததால். சவ்வு நிறைந்த பிறகு நீலம் வழியத் தொடங்கும். இதைப் பிடிக்க ஒரே வழி பொருள் கணக்கு. தொடக்கத்தில் போட்ட சாயம், வடிநீரில் வந்தது, செல்லில் மிச்சம் இருப்பது, இம்மூன்றின் செறிவையும் கன அளவோடு பெருக்கி, பின்னிரண்டையும் கூட்டி முதலாவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 95 சதவீதத்துக்குக் கீழே கணக்கு இடித்தால் மிச்சம் சவ்வில் ஒட்டியிருக்கிறது. எஃகு உடல் பற்றியும் இங்கே ஒரு எச்சரிக்கை: அமிலக் கரைசலில் உலோக அயனிகளை ஆராய்பவர்களுக்கு இந்தச் செல் பொருந்தாது, இரும்பும் நிக்கலும் குரோமியமும் உடலிலிருந்தே கொஞ்சம் கரைந்து வரும். 5 பாருக்குள் வேலை முடியும் என்றால் பிளாஸ்டிக் உடல் செல்லே அவர்களுக்கு உகந்தது. அதில் உள்ளே நடப்பதும் கண்ணுக்குத் தெரியும், ஆனால் கரைப்பான்கள் பட்டால் விரிசல் விடும்.

வெப்பநிலையைப் பலரும் குறித்து வைப்பதில்லை. 25 டிகிரியில் நீரின் பாகுத்தன்மை 0.890 மில்லிபாஸ்கல் நொடி, 30 டிகிரியில் 0.798. அந்த ஐந்து டிகிரிக்கே ஃபிளக்ஸ் 11 சதவீதம் ஏறும். மேடையின் மோட்டார் சூடு அடித்தட்டு வழியாக மெல்ல ஏறுவதால், காலையில் சோதித்த சவ்வும் மதியம் சோதித்த சவ்வும் ஒரே நிலையில் இருக்காது. ஒவ்வொரு முறையும் செல்லுக்குள் இருந்த நீரின் வெப்பநிலையை எழுதி, எல்லாவற்றையும் 25 டிகிரிக்குத் திருத்தினால் தகராறு இல்லை.

எடையைக் கணினியில் பதிவு செய்யும் தராசு இருந்தால் ஃபிளக்ஸ் அளவீடு சுகம். குழாயின் முனை பீக்கரைத் தொடக் கூடாது, தொட்டால் எடை குதிக்கும். நிமிடத்துக்கு ஒரு மி.லி. வேகத்தில் வடிநீர் இருபது துளிகளாக விழும். ஒவ்வொரு நொடியும் பதிவு செய்தால் படிக்கட்டுதான் தெரியும், ஐந்து நிமிடச் சராசரியே போதும். பீக்கரின் வாயைப் படலத்தால் மூடி ஊசித்துளை அளவே விட்டால் ஆவியாவது குறையும். உயர் அழுத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியே வந்ததும் குமிழியாகப் பிரியும். கண்டக்டிவிட்டி முனையில் அந்தக் குமிழி ஒட்டினால் அளவு குறைத்துக் காட்டும், தட்டிவிட்டு அளவிட வேண்டும். ஃபீட் 4 மில்லிசீமன்ஸ், வடிநீர் 80 மைக்ரோசீமன்ஸ் என ஐம்பது மடங்கு வித்தியாசம் உள்ளதால், மீட்டரை 1,413 மைக்ரோசீமன்ஸ் கரைசலில் மட்டும் சரிபார்த்தால் போதாது. 84 மைக்ரோசீமன்ஸ் கரைசலிலும் பார்க்க வேண்டும். ஃபீடைத் தொட்ட முனையை மூன்று முறை கழுவாமல் வடிநீரில் விட்டால் அன்றைய உழைப்பு வீண்.

குழாய் நீரை அப்படியே ஃபீடாக ஊற்றுவோர் குளோரினைக் கவனிக்க வேண்டும். ஆர்ஓ சவ்வின் பாலிஅமைடு அடுக்கைக் குளோரின் அரிக்கும், லிட்டருக்கு 0.1 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது. சோடியம் பைசல்ஃபைட் சிறிது சேர்த்து, டிபிடி சோதனையில் (குளோரின் இருந்தால் நிறம் காட்டுவது) இளஞ்சிவப்பு வரவில்லை என்று உறுதிசெய்த பிறகு ஊற்றலாம். பயன்படுத்திய வட்டங்களை ஒரு சதவீத சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் குளிர்பெட்டியில் வைக்கலாம், உறையவிடக் கூடாது.

பராமரிப்பில் எஃகு என்ற அலட்சியம் ஆகாது. 316எல் எஃகும் குளோரைடுக்குத் தோற்கும். உப்பு நீரை இரவு முழுக்க உள்ளே விட்டால் ஓ-ரிங் பள்ளத்திலும் நுண்துளை வட்டிலும் புள்ளி புள்ளியாக அரிக்கும். கறையைப் போக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றுவது எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றுவது. 2 சதவீத சிட்ரிக் அமிலம் போதும். வட்டின் துளைகள் அடைத்தால் தூய நீர் ஃபிளக்ஸ் எந்தச் சவ்வைப் போட்டாலும் குறைவாகவே வரும். சவ்வே இல்லாமல் வட்டை மட்டும் வைத்து நீர் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மீயொலித் தொட்டியில் கால் மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் திறக்கும்.

ஃபீட் பக்கவாட்டில் ஓடும் கிராஸ்-ஃப்ளோ செல்லோடு ஒப்பிட்டால், நீண்ட நாள் ஃபவுலிங், ஸ்பேசர் (சவ்வுகளுக்கு இடையே வைக்கும் வலை), ஓட்ட வேகம் பற்றிய எந்தக் கேள்விக்கும் இது பதில் தராது. ஆனால் கிராஸ்-ஃப்ளோவுக்குப் பம்பும் பெரிய தொட்டியும் குளிர்விப்பும் வேண்டும், ஒரு சோதனைக்குப் பல லிட்டர் கரைசலும் வேண்டும். விலையுயர்ந்த புரதத்தையோ கொஞ்சமே தயாரித்த நானோதுகள் கலவையையோ சோதிப்பவருக்கு 300 மி.லி.யில் முடிவது பெரிய காரியம். லிட்டருக்கு ஒரு கிராம் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) கரைசலை ஓட்டி, கழுவி, தூய நீர் ஃபிளக்ஸ் எத்தனை சதவீதம் திரும்பியது என்று பார்க்கும் அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் ஆய்வுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை.

ஆர்டர் செய்யும்போதே கூடுதலாக வாங்கிவைக்க வேண்டியவை: சவ்வின் மேல் உட்காரும் ஓ-ரிங் ஆறு, நுண்துளை வட்டு ஒன்று, கலக்கியின் காந்தம் ஒன்று. ஓ-ரிங் எந்த ரப்பர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பல கரைப்பான்கள் கலந்த நீரில் நைட்ரைல் ரப்பர் வீங்கும், அங்கே கரைப்பானைப் பொறுத்து விட்டான் (ஃப்ளூரின் கலந்த ரப்பர்) போன்றது வேண்டும். கையால் தடவி ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது தெரிந்தால் அந்த ஓ-ரிங்கை அன்றே தூக்கிப்போட வேண்டியதுதான்.